வீராசாமி மாமன் யார்?

இரண்டு வருடங்களுக்கு முன், தீபாவளிக்கு முந்திய வாரங்கள். கொழும்பில், வெள்ளவத்தை காலி வீதியில் நான் வேலை செய்கிற சேலைக்கடையில் மூச்சு விட நேரமில்லை. மத்தியானம் பின் அறையில் சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தபோது ஃபோன் அடித்தது. வானொலி நிலையத்து நம்பர். ஞாயிற்றுக்கிழமை நேரலையில் பாடப் போகிறோம், எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று சொல்லத்தான் எடுக்கிறார்கள் என்று நினைத்து, வாயில் இருந்த சோற்றை அவசரமாக விழுங்கிவிட்டு எடுத்தேன். நிகழ்ச்சித் தயாரிப்பாளர் பேசினார். குரலில் வழக்கமான சிரிப்பு இல்லை.

"தங்கச்சி, நீங்கள் அனுப்பின தாலாட்டை இன்னொரு குழுவும் அனுப்பியிருக்கு. அதே மெட்டு, அதே சொல்லு. பாட்டில வாற ஆளின்ர பெயர்கூட அதேதான். ரெண்டு பேரில ஆரோ ஒராள் எனக்குப் பொய் சொல்லுறீங்கள்."

மற்றக் குழுவில் பாடுகிற பெண்மணியிடம் விசாரித்தாராம். அது தங்கள் குடும்பத்துப் பாட்டு, வெளியில் யாருக்கும் தெரிய வழியே இல்லை, அந்தப் பிள்ளையை நான் நேரில் பார்க்க வேண்டும் என்றாராம். சனிக்கிழமை பின்னேரம் இரண்டு பேரும் நிலையத்துக்கு வாருங்கள், கதைத்துத் தீர்க்காவிட்டால் பொய் சொன்னவருக்கு ஞாயிற்றுக்கிழமை இடமில்லை, இனிமேலும் இடமில்லை என்று சொல்லி வைத்துவிட்டார். நான் பார்சலை அப்படியே மூடினேன். அதற்குப் பிறகு எனக்குச் சோறு எங்கே இறங்கும்?

எங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாங்கள் மூன்று பேர். நான் மலையகத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை, பாடுவேன். கிட்டார் வாசிக்கிறவர் வெள்ளவத்தையிலேயே பிறந்து வளர்ந்த ஓர் அண்ணா. பகலில் கம்ப்யூட்டர் வேலை, மிச்ச நேரமெல்லாம் அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டுப் பைத்தியம். ரயில், மழை, விட்டுப்போன காதலி, இதைத் தவிர அந்தப் பாட்டுகளில் வேறு எதுவும் கிடையாது என்று நான் கேலி செய்வேன். உங்கட தோட்டத்துப் பாட்டில் மட்டும் என்ன வாழுதாம், அதே ரயில், அதே மழை, கூட ஒரு கங்காணி என்று அவர் திருப்பிக் கொடுப்பார். மூன்றாமவர் கொட்டாஞ்சேனைக்காரர், மவுத் ஓர்கன் வாசிப்பார். கொச்சிக்கடைப் பக்கம் இருக்கிற அவர் வீட்டு மேல்மாடியில்தான் பயிற்சி. அமெரிக்கக் கிட்டாரோடு தோட்டத்துப் பாட்டுச் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று விளையாட்டாகத் தொடங்கியது, இரண்டு கலியாண வீடு, ஒரு பாடசாலை விழா என்று வளர்ந்து, இந்த நிகழ்ச்சி வரைக்கும் வந்திருந்தது.

நிகழ்ச்சி புதிதாக வருகிற நாட்டார் பாட்டுக் குழுக்களுக்கானது. ஞாயிறு காலையில் இரண்டு குழுக்கள் நேரலையில் பாடுவார்கள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. பாடுவதற்கு முன், அந்தப் பாட்டை யாரிடம் கேட்டுப் படித்தோம் என்று மைக்கில் சொல்ல வேண்டும். பாட்டை முன்கூட்டியே ஒலிப்பதிவு செய்து அனுப்பும்போதும் அதைச் சொல்லித்தான் அனுப்ப வேண்டும். நான் யோசிக்காமல் சொல்லியிருந்தேன்: "என் அம்மா என்னைத் தூங்க வைக்கப் பாடிய பாட்டு."

பாட்டு இதுதான்:

மொட்டப்பாறை மேல மேல பனி எறங்குது
வீராசாமி மாமன் வரும் நேரமாகுது
சட்டைப்பையில் சீனிமுட்டாய் ஒளிஞ்சிருக்குது
முழிச்சிருக்கும் பிள்ளைக்கெல்லாம் கிடைக்காமப் போகுது

யாருடைய பெயரையும் எழுதக் கூடாது என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் இந்த ஒரு பெயரை விட்டால் சொல்வதற்கு ஒன்றுமே இல்லை. எங்கள் ஆட்களின் தாலாட்டில் மாமன் பெயரைச் சேர்த்துப் பாடுவது வழக்கம். எந்த வீட்டில் பாடுகிறார்களோ அந்த வீட்டு மாமன் பெயர் வரும். அப்படியென்றால் எங்கள் வீட்டுப் பாட்டில் உள்ள பெயரை இன்னொருத்தி எப்படிப் பாடுவாள்? திருடுகிறவள் பெயரையாவது மாற்றியிருக்க மாட்டாளா என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அன்று பின்னேரம் கடையில் சொல்லிவிட்டுக் கொட்டாஞ்சேனைக்கு பஸ் ஏறினேன். மேல்மாடியில் விஷயத்தைச் சொன்னதும் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கத் தொடங்கிவிட்டோம். பாட்டை வெளியில் யார் விட்டது? கிட்டார் அண்ணாவுக்குப் பயிற்சியை வீடியோ எடுத்து நாலு பேருக்கு அனுப்புகிற பழக்கம் உண்டு. நான் அவரைத்தான் சந்தேகப்பட்டேன். அவரோ மவுத் ஓர்கன்காரரைப் பார்த்தார். கொட்டாஞ்சேனையில் பாட்டுக்காரர்களோடு தேநீர் குடிக்காத நாளே அவருக்கு இல்லை. அவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"கோவிக்காதீங்க. நீங்க இதை உண்மையா வீட்டில கேட்டதுதானே? யூடியூப்பில எங்கயும் எடுக்கேல்லயே?"

எனக்கு வந்த கோபத்தில் செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கிவிட்டேன். அவர் பின்னால் கூப்பிட்டதும் கேட்டது. நான் திரும்பவில்லை.

ஆனால் பஸ்ஸில் உட்கார்ந்ததும் அவர் கேட்டது மண்டைக்குள் குடைய ஆரம்பித்தது. ஏனென்றால் எங்கள் குடும்பத்தில் வீராசாமி என்று ஒருவர் இல்லை. அம்மாவுக்கு இரண்டு தம்பிமார். இரண்டு பேருடைய பெயரும் எனக்குத் தெரியும். அதில் வீராசாமியும் இல்லை, கிட்ட வருகிற பெயரும் இல்லை. இத்தனை வருடம் வாயாரப் பாடியிருக்கிறேன், யார் இந்த மாமன் என்று ஒரு தரம்கூடக் கேட்டதில்லை. அப்போது என் புத்தி போன போக்கைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அம்மாவுக்குக் கலியாணத்துக்கு முந்தி யாராவது இருந்திருப்பாரோ? அந்தப் பெயரைத்தான் அம்மா தாலாட்டில் ஒளித்து வைத்துப் பாடினாரோ? அப்பாவுக்குத் தெரியுமா? கிருலப்பனையில் நான் தங்கியிருந்த அறைக்குப் போய்ச் சேர்வதற்குள் அம்மாவின் இளமைக்காலத்தை ஒரு சினிமாவாகவே எடுத்து முடித்துவிட்டேன். பிறகு அம்மாவுக்கு ஃபோன் எடுத்துக் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. இரண்டு தரம் எடுத்தேன். சாப்பிட்டீங்களா, அப்பாவுக்கு இருமல் எப்படி என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

மற்றக் குழுவின் பெண்மணியைப் பற்றிக் கிட்டார் அண்ணா விசாரித்துச் சொன்னார். நாற்பது வயது இருக்குமாம். நீதிமன்றங்கள் இருக்கிற புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியிடம் கிளார்க்காக இருக்கிறாராம். சரி போச்சு, வழக்குப் போடப் போகிறாள் என்று நினைத்தேன். பாட்டுக்கெல்லாம் வழக்குப் போட முடியுமா என்று அண்ணாவைக் கேட்டேன். அமெரிக்காவில் என்றால் ஒரு மெட்டுக்காகச் சொத்தையே எழுதி வாங்கிவிடுவார்கள் என்றார். நல்ல ஆறுதல்!

சனிக்கிழமை அண்ணாவோடு நிலையத்துக்குப் போனேன். அந்த அக்கா எங்களுக்கு முன்னமே வந்து, காத்திருக்கும் அறையில் உட்கார்ந்திருந்தார். வெளிர்நிறச் சேலை, இழுத்து முடிந்த கொண்டை, மடியில் கறுப்புக் கைப்பை. என்னைக் கண்டதும் எழுந்துவிட்டார். சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நெற்றி, மூக்கு, வாய் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தது எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஆளை அடையாளம் பிடித்து வைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அவர் தன் ஃபோனை மேசையில் கவிழ்த்து வைத்தார். ரெக்கோர்ட் பண்ணுகிறார் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. உடனே நானும் என் ஃபோனில் ரெக்கோர்டிங்கைத் தட்டிவிட்டு அதே மாதிரிக் கவிழ்த்து வைத்தேன். நான் மட்டும் சளைத்தவளா என்ன?

தயாரிப்பாளர் முதலில் எங்களைத் தனித்தனியாகப் பாடச் சொன்னார். ஒருவர் பாடும்போது மற்றவர் கதவுக்கு வெளியில் நிற்க வேண்டும். அக்கா பாடும்போது நான் கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். ஒரு சொல்கூட வித்தியாசமில்லை. 'ஒளிஞ்சிருக்குது' என்ற இடத்தில் நான் குரலைக் கொஞ்சம் இறக்குவேன், ரகசியம் சொல்கிற மாதிரி. அவரும் அதே இடத்தில் இறக்கினார். இவ்வளவு நுணுக்கமாக யாரும் திருட முடியாது. அப்படியென்றால் திருடியது எங்கள் பக்கமா?

பிறகு நாலு பேரும் உட்கார்ந்தோம். தயாரிப்பாளர் வாயைத் திறப்பதற்கு முன் அக்கா கேட்கத் தொடங்கிவிட்டார். இந்தப் பாட்டை உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது ஆம்பளையா பொம்பளையா? அம்மா என்றேன். அம்மாவுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? எந்த ஊரில் வைத்து? கொழும்பிலா? அம்மா கொழும்பில் வேலை செய்திருக்கிறாரா? உங்கள் வீட்டுக்கு வயசான ஆம்பளை யாராவது வந்து போவது உண்டா? இடது கையில் பெரிய தழும்பு உள்ளவர்? ஒவ்வொன்றாக, நிறுத்தி நிறுத்தி, கோர்ட்டில் கேட்பது மாதிரியே கேட்டார். எங்கோ கொண்டுபோய் என்னை மடக்கப் போகிறார் என்று பயந்து, தெரியாது, ஞாபகமில்லை, இருக்கலாம் என்று ஒன்றுக்கும் பிடி கொடுக்காமல் பதில் சொன்னேன். நான் இப்படி மழுப்ப மழுப்ப அவருடைய முகம் பரபரத்தது. ஒளிக்கிறவளிடம்தானே ஏதோ இருக்க வேண்டும் என்று நினைத்திருப்பார்.

கடைசியில் நான் கேட்டேன், பாட்டில் வருகிற அந்த ஆள் உங்களுக்கு யார் என்று.

"எங்கம்மா கூடப் பொறந்த தம்பி," என்றார். "எனக்குச் சொந்தத் தாய்மாமன். ஒங்களுக்கு யாரு?"

நான் அண்ணாவைப் பார்த்தேன். அண்ணாவும் என்னைத் திரும்பிப் பார்த்தார். தயாரிப்பாளர் பொறுமை இழந்துவிட்டார். அம்மாவுக்கு இப்போதே ஃபோன் எடுங்கள், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போடுங்கள் என்றார். நான் பயந்ததும் இதற்குத்தான். அந்நிய மனிதர்கள் முன்னால் அம்மா எதைச் சொல்லித் தொலைக்கப் போகிறாரோ? வேறு வழியில்லை. எடுத்தேன். அம்மா, அந்த வீராசாமி மாமன் பாட்டு, எனக்கு நீங்கள் பாடுவீர்களே, அதை நீங்கள் எங்கே படித்தீர்கள் என்று கேட்டேன்.

அம்மா சிரித்தார்.

"நான் எங்க புள்ள பாடுனேன்? விடிஞ்சா பெரட்டுக்கு ஓடணும். ஒன்னைய புள்ளக்காம்பராவுல போட்டுட்டு மலைக்குப் போனா பொழுது சாயத்தான் வருவேன். அங்க இருந்த ஆயாதான் தொட்டில ஆட்டிக்கிட்டுப் பாடும். நீ அதைக் கேட்டுட்டு என் இடுப்புல ஒக்காந்து பாடிக்கிட்டே வருவ. ஒங்கிட்ட கேட்டுத்தான் எனக்கே ரெண்டு வரி தெரியும்."

பெரட்டு என்பது காலையில் பெயர் கூப்பிட்டு வேலைக்குப் பிரித்து அனுப்புகிற இடம். பிள்ளைக்காம்பரா என்பது தோட்டத்தில் அம்மாமார் கொழுந்தெடுக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப் போகிற இடம். எங்களில் முக்கால்வாசிப் பேர் அங்கேதான் வளர்ந்தோம். இருட்டு, தொட்டில் ஆட்டம், ஒரு பெண் குரல், இவ்வளவுதான் எனக்கு ஞாபகம். அந்தக் குரல் அம்மாவுடையது என்று நானாகவே வைத்துக்கொண்டிருந்தேன். பகல் முழுக்க அம்மா மலையில் நின்றது எனக்குத் தெரியாத விஷயமா? ஆனாலும் நினைப்பு அப்படித்தான் போயிருக்கிறது.

எந்தத் தோட்டம் என்று கேளுங்கள் என்றார் அக்கா. எனக்கு நாலு வயதாகும்போது நாங்கள் விட்டு வந்த பழைய தோட்டத்தின் பெயரை அம்மா சொன்னார். மேல் டிவிஷன், பாறைக்குக் கீழே இருந்த பிள்ளைக்காம்பரா. அந்த ஆயா நல்ல மனுசி, எங்கேயாவது கண்டால் நான் கேட்டதாகச் சொல்லு என்றும் சொன்னார். ஃபோனை வைத்தேன்.

"அது எங்கம்மா," என்றார் அக்கா. "செத்து அஞ்சாறு வருசமாச்சு."

தயாரிப்பாளர் அப்பாடா என்று சாய்ந்து உட்கார்ந்தார். அண்ணா என் தோளில் தட்டினார். எனக்கும், சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிடம் சந்தோஷம்தான். நான் பொய்க்காரி இல்லை. அம்மாவுக்கும் ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை பாடலாம். சிரித்துக்கொண்டே அக்காவின் பக்கம் திரும்பினேன். அவர் மேசையில் கவிழ்த்து வைத்திருந்த ஃபோனை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார். அவருடைய முகத்தில் கொஞ்சம் முந்தி இருந்த அந்தப் பரபரப்பு முழுதாக வடிந்திருந்தது.

"அப்ப மாமா ஒங்களுக்குச் சொல்லிக் குடுக்கல," என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு அவரே சொன்னார். மாமா கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்தவர். லீவில் தோட்டத்துக்கு வரும்போதெல்லாம் சட்டைப்பை நிறைய இனிப்பு வாங்கி வந்து பிள்ளைக்காம்பராவில் உள்ள பிள்ளைகளுக்குக் கொடுப்பார். யுத்த காலம், கொழும்பில் தமிழ் ஆட்களைச் சுற்றி வளைத்துப் பிடித்துக்கொண்டு போன நாட்கள். ஒரு தரம் லீவு முடிந்து கொழும்புக்குத் திரும்பினவர்தான், பிறகு எந்தத் தகவலும் இல்லை. எங்கே பிடித்தார்கள், யார் பிடித்தார்கள், பிடித்தார்களா என்பதுகூடத் தெரியாது. அவர் போன பிறகுதான் அக்காவின் அம்மா அந்தப் பாட்டைக் கட்டினாராம். பிள்ளைகளைத் தூங்க வைக்கிற சாக்கில், தம்பி வரும் நேரமாகிவிட்டது என்று தினமும் பாடியிருக்கிறார். வீட்டில் ஒரு நாளும் பாடியதில்லை. வீட்டில் அந்தப் பெயரை எடுத்தாலே அழுகைதான் வரும் என்பதால், அக்கா பள்ளிக்கூடம் விட்டு வந்து பிள்ளைக்காம்பரா ஜன்னலுக்கு வெளியில் நின்று கேட்டுத்தான் படித்தாராம். புதுக்கடையில் வேலைக்குச் சேர்ந்ததும், கோர்ட்டுப் பக்கம் இருந்தால் எப்போதாவது ஒரு தடயம் கிடைக்காதா என்றுதான்.

இந்த நிகழ்ச்சியில் பாட வந்ததும் அதற்காகத்தான். மாமா எங்கேயாவது இருந்தால் ரேடியோவில் தன் பெயரைக் கேட்பார் அல்லவா? அந்த நேரத்தில், முன்பின் தெரியாத ஒரு பிள்ளையும் இதே பாட்டைப் பாடுகிறாள் என்று தயாரிப்பாளர் சொல்லியிருக்கிறார். தொட்டிலில் கிடந்த குழந்தைக்குப் பாட்டு மனதில் நிற்கும் என்று அக்காவுக்குத் தோன்றவேயில்லை. மாமா லீவில் வந்தபோது அந்தப் பாட்டே இல்லை என்பதைக்கூட அவர் அந்தச் சில நாட்களாக மறந்திருந்தார். யாரோ சொல்லி மாமா கேட்டிருப்பார், கேட்டுப் பாடியிருப்பார், கொழும்பில் எங்கோ குடும்பம் குட்டியோடு இருப்பார், இந்தப் பிள்ளை அவருடைய மகளாகக்கூட இருக்கலாம் என்று நினைத்தாராம். என் நெற்றியையும் மூக்கையும் அப்படி ஒவ்வொன்றாகப் பார்த்தது அதற்காகத்தான்.

நான் என்ன சொல்லித் தேற்றுவது? மன்னியுங்கள் என்றேன். நீங்கள் என்ன செய்தீர்கள், நீங்கள் தொட்டிலில் கிடந்த பிள்ளை என்று சொல்லி என் கன்னத்தைத் தடவினார். அப்போதுதான் நான் அழுதேன். அக்காவுக்கு ஒரு நாளும் பாடாத தாலாட்டை அவருடைய அம்மா எனக்குத் தினமும் பாடியிருக்கிறார். அந்தக் கோபமாவது அவருக்கு என் மேல் வந்திருக்கலாம். வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு குழுக்களையும் சேர்த்தே பாட வைத்தார் தயாரிப்பாளர். யாரிடம் கேட்டுப் படித்த பாட்டு என்று சொல்கிற இடத்தில் நான் பிள்ளைக்காம்பரா ஆயாவிடம் என்று சொன்னேன். அக்கா தன் மாமாவின் பெயரையும், அவர் வேலை செய்த கடைத்தெருவையும், கையில் உள்ள தழும்பையும் சொன்னார். கிட்டார் அண்ணா அன்று தன் அமெரிக்க வித்தை ஒன்றையும் காட்டாமல் தொட்டில் ஆட்டத்துக்குத் தோதாக மெல்ல மீட்டினார். மவுத் ஓர்கன்காரர் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார். இடையில் அவரிடம் நான் போட்ட சண்டைக்குச் சமாதானம்கூடச் சொல்லவில்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை.

பாட்டு முடிந்ததும் நேயர்கள் எடுக்கத் தொடங்கினார்கள். ஒவ்வொரு அழைப்பு வரும்போதும் அக்கா ஹெட்ஃபோனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டார். நல்ல பாட்டு என்றார்கள், அழுதோம் என்றார்கள், எந்தத் தோட்டம் என்று கேட்டார்கள். அவர் எதிர்பார்த்த குரல் வரவில்லை. நிகழ்ச்சி முடிந்து விளம்பரம் போகத் தொடங்கிய பிறகும் அவர் ஹெட்ஃபோனைக் கழற்றவில்லை. தயாரிப்பாளர்தான் வந்து மெதுவாகக் கழற்றி எடுத்தார்.

வெளியில் பஸ் நிற்குமிடத்தில் நான் அவரிடம் சொன்னேன், இது உங்கள் பாட்டு, இனிமேல் நாங்கள் பாடுவது சரியில்லை என்று. அவர் கொஞ்சம் கோபமாகவே என்னைப் பார்த்தார்.

"நீங்களும் பாடணும். எல்லா எடத்துலயும் பாடுங்க. நான் ஒருத்தி பாடுனா எத்தன பேருக்குக் கேக்கும்?"

அதற்குப் பிறகு எங்கே போனாலும் பாடுகிறோம். அக்காவோடு இன்னமும் ஃபோனில் பேசுகிறேன். தகவல் எதுவும் இல்லை. ஒரே பாட்டை இன்னொருவரும் பாடுகிறார் என்று கேள்விப்பட்டதும் எனக்குத் திருட்டுத்தான் ஞாபகம் வந்தது, அவருக்கோ மாமா உயிரோடு இருக்கிறார் என்று தோன்றியிருக்கிறது. யாரையாவது சந்தேகப்பட்டுப் பேச வாயெடுக்கும்போதெல்லாம் இதை நினைத்து வாயை மூடிக்கொள்கிறேன். மேடையில் அந்தப் பெயர் வருகிற வரியில் மட்டும், கூட்டத்தில் இருக்கிற வயதான ஆண்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்க்காமல் இப்போது என்னாலும் பாட முடிவதில்லை.